காதுக்காரர் கேட்ட வண்டிகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. காது மெஷின் விற்கிற கடையில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். கடையின் பின்பக்கம் அலமாரி அளவுக்கு ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவார். பிறகு மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். தலை நரைக்கும்வரை இதுதான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் ஒரு கூத்து உண்டு. காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள மனசு வராதவர்கள், சத்தமே வராதபோதும் பட்டனை அமுக்குவார்கள். காதுக்காரர் ஒன்றும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர் தலையை ஆட்டி ஆட்டி அமுக்கிக்கொண்டிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இப்படிப்பட்ட ஆட்களைத் தினமும் பார்த்துப் பழகியவர் என்பதால், தனக்கு அந்தப் புத்தி வராது என்று அவருக்கு ஒரு நினைப்பு. மனுஷனுக்குத் தன்னைப் பற்றி எப்போதும் நல்ல நினைப்புதான்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவர் ஏழை இல்லை. ஆனாலும் சொல் ஏறவில்லை. இவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். கடை முதலாளி "சரி சரி, அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. அவர் பேச்சை முடியும்வரை கேட்கிற ஒரே ஜீவன் அவருடைய அக்கா.

அக்கா நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. ஈரத் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் பேரன் எடுத்தவள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீரைக் கண்டு அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தானும் இறங்கிவிடுவாள். வேலையை விட்டு ஓய்வு எடுக்கச் சொன்ன தன் கணவரிடம், "என்னை வீட்ல உட்கார வெச்சா நான் துருப்பிடிச்சுப் போயிருவேன்" என்றாள்.

அவள் ஒரு கார் வாங்கினாள், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். அக்கா எதை வாங்கினாலும் அதையே வாங்குகிற தம்பி, அதே மாடலில் ஒன்று வாங்கினார். அந்த மாடல் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஃபோனில் அதற்கு நேரம் காலம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக் கிடங்கின் முன்னால் இருக்கும் வெற்று மைதானத்தில் நேரிலும் கூடுவார்கள். அச்சகம் நடத்துகிற ஒருவர் எல்லோருக்கும் முந்திப் பேசியே தலைவராகிவிட்டார். தேர்தல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி அந்த மாடல் வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டது. கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதைப் பிடித்து வைத்திருக்கிற வளையம் சில வண்டிகளில் சரியாக உட்காரவில்லை, தண்டு கழன்று வந்துவிடலாம், வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது அறிவிப்பு. இலவசம் என்ற உடனேயே பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நல்லா ஓடுற வண்டிய நாமளே கொண்டுபோய்க் கழட்டுங்கன்னு குடுக்கறதா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற கதைதான்" என்றார் தலைவர்.

டியூஷன் எடுக்கிற கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் மறுத்தார். "கம்பெனிக்காரன் தானா முன்வந்து தப்புன்னு ஒத்துக்கிறான். அப்ப அது எவ்வளவு பெரிய தப்பா இருக்கணும், யோசிச்சுப் பாருங்க."

"பார்ட்ஸ் வர்ற வரைக்கும் வண்டி அங்கேயே தவம் கிடக்கும் சார். நீங்க வீட்லயே பாடம் நடத்துறவர். நாங்க வண்டியில்லாம என்ன பண்றது?" என்றார் தலைவர்.

"ஒரு தடவை கை வெச்ச கியர்பாக்ஸ் அப்புறம் எண்ணெய் ஒழுகாம இருந்ததா சரித்திரமே இல்ல" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

வாத்தியார் தன் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். அது வாரக்கணக்கில் வரவில்லை. அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்பதை யாரோ படம் எடுத்துக் குழுவில் போட, ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பாதி விவாதம் முடிந்துவிட்டது.

மீதிப் பாதியை முடித்தது ஒரு யோசனை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை மெதுவாக வட்டமடித்தால், தண்டின் மூட்டு தேய்ந்திருந்தால் டக் டக் என்று சத்தம் வரும். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சத்தம் வராத வண்டிக்குத் தண்டு நன்றாக இருக்கிறது, அது எதற்கு ஷெட்டுக்குப் போக வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மூட்டு வேறு, வளையம் வேறு என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"யாருய்யா உன்னிப்பா கேட்டுச் சொல்றது?" என்று சுற்றிப் பார்த்த தலைவர் கையைத் தட்டினார். "அட, வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோமே! நம்ம காதுக்காரர் இருக்காரே!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அந்த வயசு வரைக்கும் இத்தனை தலைகள் சேர்ந்து அவர் பக்கம் திரும்பியதே இல்லை. ஒவ்வொரு வண்டியாக வட்டமடிக்க, முன்சக்கரத்தோடு ஒட்டி, குனிந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வண்டி நின்றதும் நிமிர்ந்து, கொஞ்சம் தாமதித்து, "சுத்தம்" என்பார். வண்டிக்காரர் கும்பிடாத குறையாகக் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு வண்டிகளுக்கு மட்டும் "லேசா இருக்கு" என்றார். ஷெட்டில் காட்டியபோது இரண்டிலும் மூட்டு தேய்ந்திருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்கு மவுசு ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. வீட்டில் மனைவிகூட அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் அவர் தன் வண்டிக்காகச் சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டார். ஊருக்கெல்லாம் சுத்தம் சொன்னவருக்குத் தன் வண்டி விஷயத்தில் ஒரு சின்னப் பயம். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள். பெயரைப் பதிந்துகொண்டாள்.

"வட்டமடிச்சுப் பார்த்தேன்மா, சத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"இதுக்குச் சத்தம் வராது சார். கழர்ற நிமிஷம் வரைக்கும் வண்டி நல்லாத்தான் ஓடும். கழண்டுட்டா கியரை பார்க்கிங்குக்கான பி-யில போட்டாக்கூட வண்டி நிக்காது, உருண்டிரும். பார்ட்ஸ் மாத்தற வரைக்கும் ஹேண்ட்பிரேக் போடாம மட்டும் இறங்காதீங்க."

அன்றிலிருந்து அவர் ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கவில்லை, சமதரையில்கூட. ஆனால் குழுவில் இதைச் சொல்ல ஃபோனை எடுப்பார், வைப்பார். ஏற்கெனவே சுத்தம் சொன்னவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். ஃபோன் எடுக்கிற பெண்ணுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றும் ஒரு பக்கம் மனசு சப்பைக்கட்டு கட்டியது. ஞாயிறு வந்தது. அவர் போய் இறங்குவதற்குள்ளேயே தலைவர் நாற்காலி போட்டு வைத்திருந்தார். யாரோ குடிக்கச் சூடாக ஏதோ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். வாயைத் திறக்க வேண்டியவர் குடித்து முடித்துவிட்டு, முதல் வண்டியின் பக்கம் குனிந்தார்.

மூன்றாவதாக அக்காவின் வண்டி வந்தது. ஜன்னலை இறக்கி, "ஃபீஸ் உண்டாடா, இல்ல கூடப் பிறந்தவளுக்கு இலவசமா?" என்று சிரித்தாள். வண்டி வட்டமடித்தது. அவர் குனிந்து நடந்தார். ஹேண்ட்பிரேக்கைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுத்தம் என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயந்திரம் ஃபோன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"சுத்தம்" என்றார்.

சாயந்திரம் அவரைப் பார்க்க இரண்டு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்ததில் மறந்தே போனார்.

நீச்சல் குளத்தின் பின்வாசல் ஒரு சரிவின் அடியில் இருந்தது. காலையில் முதலில் வருகிறவள் அக்காதான். சரிவில் வண்டியை நிறுத்தி, கியரை பி-யில் போட்டுவிட்டு, இறங்கி நடந்து போய் இரும்புக் கதவைத் திறப்பாள். அந்த வார நடுவில் ஒருநாள் அவள் கதவுப் பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது வண்டி தானாக உருண்டு வந்தது. கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் அவள். இடுப்பெலும்பு நொறுங்கியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனது. இனி சக்கர நாற்காலிதான், பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குளத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

குழுவில் முதல் நாள் முழுக்க அழுகைப் படங்களாக வந்தன. மறுநாள் விவாதம் ஆரம்பித்தது. சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கியது யார் தப்பு? வண்டி மேலா, ஓட்டினவங்க மேலா? பேசிப் பேசிக் கடைசியில் ஓட்டினவள் மேல் என்று முடிவுக்கு வந்தார்கள். அதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. நாம்தான் ஒழுங்காக ஓட்டுகிறோமே. காதுக்காரரை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் மனசிலிருந்த பாரம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும்.

கொடுமை என்னவென்றால் அக்காவும் தப்பு தன் மேல்தான் என்றாள். தினமும் கடை முடிந்து அவளைப் பார்க்கப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளைகளைத் தட்டில் வைப்பார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு பிரேக்கை இழுக்கக் கை வலிச்சதாடா எனக்கு? அறிவு கெட்டவ. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஜாக்கிரதை ஜாக்கிரதைன்னு கத்துனவ" என்பாள். ராத்திரி தூக்கத்திலும் இதையே சொல்கிறாள் என்று மாமா சமையலறையில் வைத்து அவரிடம் சொல்லி அழுதார். இப்படியே மாதங்கள் போயின. நாக்கு நுனிவரை வந்ததை ஆரஞ்சோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து போவதே அவருக்கு வழக்கமானது. சொன்னால் கால் திரும்பி வரப்போகிறதா என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வேறு. வெட்கம் கெட்ட நியாயம்.

ஒரு மாலை தலைவரும் வாத்தியாரும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். பழப்பையை மேஜையில் வைத்தார்கள். மாமா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. எங்களுக்கெல்லாம் அது ஒரு பாடம். இப்ப யாரும் ஹேண்ட்பிரேக் போடாம இறங்கறதில்ல" என்றார் தலைவர்.

"என் தப்புதாங்க. தம்பி கேட்டுச் சொன்னப்ப வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் என் காலை நானே வாங்கிக்கிட்டேன்" என்றாள் அக்கா.

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தலைவர் காதுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க வராததால மைதானமே வெறிச்சோடிக் கிடக்கு. புதுசா ஏழெட்டுப் பேர் வண்டிய வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. இந்த ஞாயிறு வந்து கேட்டுச் சொல்லிருங்க."

"போயிட்டு வாடா. என்னால நாலு பேருக்கு ஆகவேண்டிய காரியம் ஏன் கெடணும்?" என்றாள் அக்கா.

உரித்துக்கொண்டிருந்த பழத்தை அவர் தட்டில் வைத்தார்.

"கேட்டா தெரியாது" என்றார்.

"என்ன?" என்றார் தலைவர்.

"கழர்றதுக்குச் சத்தம் கிடையாது. நான் கேட்டது அத்தனையும் வீண். சர்வீஸ்ல ஃபோன்லயே சொன்னாங்க. ஹேண்ட்பிரேக் போடாம இறங்காதீங்கன்னும் சொன்னாங்க."

உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"எப்போ சொன்னாங்க?"

"உன் வண்டியக் கேக்கறதுக்கு முன்னாடி."

"முன்னாடியே."

"ஆமாக்கா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். தட்டை எடுத்து மூஞ்சியில் எறிந்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"கால் போனது போகட்டும்டா. இத்தனை மாசமா விடிஞ்சா அடைஞ்சா என்னையே நான் திட்டிக்கிட்டிருந்தேன். நீ இங்கதான உட்கார்ந்திருந்த? இதே நாற்காலியில?"

தலைவர் எழுந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். வாத்தியார் தலைவரின் கையைத் தொட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார். அக்கா படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். வழக்கம்போல அவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க காதுக்காரர் எழுந்து சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். அவள் இரண்டு கையாலும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தள்ள வேணாம். மாமாவைக் கூப்பிடு."

"மாமா" என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மாமா கையைத் துடைத்தபடி வந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.