நோர்வூட் ஊசி வகுப்புக்கு அங்கீகாரம் கொடுத்த கதை

மருந்துக்கடை நடத்தும் பாமசிக்காரர்களுக்குத் தடுப்பூசி போடப் பழக்கும் வகுப்புகளைப் பார்த்து, 'சரி, நடத்தலாம்' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. கேட்கச் சொகுசாக இருக்கும். எங்கேயாவது பரிசோதிக்கப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் இதை வாசித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. இலங்கை மலையகத்து நோர்வூட்டில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஜன்னலில் மருந்து

வகுப்பை நடத்துவது புவனா மிஸ். டவுனில் சொந்தப் பாமசி, அதன் மாடியில் வகுப்பு. போனதும் ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். உள்ளே தயிர்ச்சட்டியும் சாமிக்கு வாங்கிய பூவும். தடுப்பூசி எங்கே? பயிற்சிக்கு வந்த யோகராஜ் பெருமையாக ஜன்னலைத் திறந்தான். வெளிப்பலகையில் மருந்துக் குப்பிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன! விடியக்காலையில் கரண்ட் போனதாம், பனியில் வைத்தானாம். அப்புறம் வெயில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. "அடப்பாவி!" என்று கத்தியே விட்டேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்:

"பயப்படாதீங்க சேர், நம்ம மலையே ஃப்ரிஜ் மாதிரிதானே!"

எதிர் மலைக் கவனிப்பு

அதையெல்லாம் வீசச் சொல்லிவிட்டு, மறுநாள் புது மருந்தோடு தேயிலைத் தோட்டத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஊசி. கை சுத்தம், போட்ட விதமும் அழகு. எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

ஊசி போட்டவர்களைக் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து. திரும்பிப் பார்த்தேன், பெஞ்சில் ஈ காக்கா இல்லை. ஆட்கள் எங்கே என்றால், யோகராஜ் எதிர் மலையைக் கைகாட்டினான். கூடையோடு ஏறிப் போய்விட்டார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு முன்னால் கூடை நிறைய வேண்டுமே! இதுதான் கவனிப்பா என்று யோகராஜைக் கேட்டேன்.

"கவனிச்சிக்கிட்டுத்தான் சேர் இருக்கேன். யாராச்சும் விழுந்தா இங்கேருந்தே தெரியுமே!"

சாவி எங்கே?

பின்னேரம் ஒத்திகை. ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஒருத்தி மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சிக்கு வந்த நித்யா தொப்பென்று விழுந்தாள். நல்ல நடிப்பு. அட்ரினலின் ஊசியை உடனே தொடையில் போட வேண்டும், அதுதான் முதல் வேலை. இங்கே ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இன்னொருவர் இஞ்சி போட்ட பிளேன்டீயோடு ஓடிவந்தார். யோகராஜ், வலிப்புக்காரருக்கு இரும்பு கொடுப்பதுபோல, சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தான்.

"அட்ரினலின் எங்க?" என்று அலறினேன். அலமாரியில். அலமாரி பூட்டியிருந்தது. சாவி? எல்லோரும் சட்டைப்பையைத் தடவினார்கள். ஐயோ, அது நித்யாவின் கையில்! விரல்களைப் பிரிக்கப் பார்த்தால் விடமாட்டேன் என்கிறாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மயங்கிக் கெடக்குறவ எப்புடிங்க கைய விரிப்பா?"

கையெழுத்து இல்லை

முடியாது என்றேன். புவனா மிஸ் கெஞ்சவில்லை, கோபப்பட்டார். இந்த வகுப்பு நின்றால் சுற்றுவட்டாரப் பாமசிகளில் ஊசி கிடையாது. அது எனக்கும் தெரியும், நானும் கொத்மலைப் பக்கம் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். மனசு கேட்கவில்லை. ஆனாலும் விழுந்தவளுக்கு மருந்து எடுக்கத் தெரியாதவர்களை எப்படி நம்பி விடுவது? நன்றாகப் பழக்கிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். புவனா மிஸ் விடவில்லை:

"ஒரு ஊசிக்கு அட்டன் டவுனுக்குப் போயிட்டு வந்தா அன்னைக்கு வேலைக்குப் பேரு விழாது, சம்பளம் இல்ல. அதனாலயே எங்க சனம் ஊசி போடாம கெடக்கு. அதுக்கு என்னா சேர் பதில் சொல்லுவீங்க?"

நடிப்பில்லை

சில மாதம் கழித்துக் கூப்பிட்டார். அதே பிள்ளைக் காம்பரா. இந்தத் தடவை ஊசி போட்டவர்கள் எல்லோரும் பெஞ்சில் இருந்தார்கள். லெச்சுமி என்ற கொழுந்துக்காரி திடீரென்று கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது, அப்படியே சரிந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யோகராஜ் அவரைப் படுக்கவைத்துத் தொடையில் அட்ரினலின் ஊசியை இறக்கினான். நித்யா கால்களை உயர்த்திப் பிடித்தபடியே அம்புலன்ஸுக்குப் பேசினாள். புவனா மிஸ் நாடியைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தார். யாரும் கத்தவில்லை. மெல்ல மெல்ல மூச்சு சீரானது. அம்புலன்ஸ் வந்து நிற்கும்போது லெச்சுமி கண்ணைத் திறந்தார். சுவரோடு ஒட்டி நின்ற என்னைக் காட்டிச் சொன்னார்:

"அந்தா, அந்த சேரப் பாருங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சி. அவருக்கும் ஒன்னு போட்டு வுடுங்க!"

அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னை யாராவது பரிசோதித்திருந்தால், எனக்குத்தான் அங்கீகாரம் கிடைத்திருக்காது.