கனடாக் குழாயும் கம்பளைச் சம்பந்தமும்

மனித மரபணுவை முதலில் யார் முழுதாக வாசிப்பது என்று ஒரு தனியார் கம்பனியும் அரசாங்கங்களின் பணத்தில் இயங்கிய விஞ்ஞானிகளும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் கம்பனியின் கட்சி. கண்டியில் ஒரு வாசகர் வட்டத்தில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியும் இருக்கிறேன். கேட்டவர்கள் பதினொரு பேர்; அவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இலாபம் பார்க்கிறவன்தான் வேகமாக ஓடுவான் என்பது என் வாதம். ஓடி முடித்தபின் அவன் எங்கே போவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, கண்டி மஹய்யாவையில் என் வீட்டுக்கே வந்தான், பிளாஸ்டிக் குழாயின் உருவில்.

கனடாவிலிருக்கும் என் மகன் அப்படி இரண்டு குழாய்களை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்று எனக்கு. மற்றது கம்பளையில் கடை வைத்திருக்கும், எங்களுக்குப் பெரியப்பா மகன் முறையான அண்ணனுக்கு. எச்சிலைத் துப்பி, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதிலுள்ள மரபணுவைப் பார்த்து யாருக்கு யார் சொந்தம் என்று அங்கே ஒரு கம்பனி சொல்லுமாம். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் குடிக்கக்கூடாது என்றிருந்தது. பிளேன்டீ இல்லாத அரை மணி நேரத்தை எங்கள் வீட்டில் கண்டுபிடிக்க மூன்று நாள் பிடித்தது. என் மரபணு விபரங்களை மருந்துக் கம்பனிகளுக்கும் கொடுக்கலாம் என்று குழாயோடு வந்த பத்திரத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். நிறைய வாசிக்கிறவன் என்று பெயரெடுத்த நான் அதை வாசிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன்.

முடிவு வந்த நேரம் அக்காவின் மகளுக்கும் கம்பளை அண்ணனின் மகனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் முன்பே விரும்பிவிட்டார்கள். அக்கா சம்மதித்ததற்குக் காரணம் அதுவல்ல. சொந்தத்துக்கு வெளியே அவள் பெண் கொடுக்கமாட்டாள்.

கம்பனியின் கணக்கில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு துளி சம்பந்தமில்லை. கொள்ளுத்தாத்தாக்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயத்துக் காம்பராக்களில் இருந்து முறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரே தூரத்துச் சொந்தம், பீஜித் தீவில் ஒரு பல் வைத்தியர். நெருங்கிய இரத்தம் என்று வந்திருந்தால் வைத்தியர்கள் முகம் சுளித்திருப்பார்கள், அக்கா நிம்மதியாக இருந்திருப்பாள்.

அன்று பின்னேரம் அக்காவின் மகள் வந்தாள். "மாமா, கம்பளையில எல்லாம் சொன்னாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். சொல்லிறாதீங்க."

சொல்வதில்லை என்றேன். மறுநாள் காலை வரை காப்பாற்றினேன்.

"என்னா தம்பி, நீ துப்புனதுக்குப் பதில் வந்திருச்சாமே?" அக்கா போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளிடம் என் பொய் ஒன்றும் எடுபட்டதில்லை.

"கம்பளை அண்ணனும் நாமளும் சொந்தமே இல்லையாம்க்கா."

கத்தி நிற்கவில்லை.

"அவுங்க தாத்தா செத்தப்ப நம்ம அப்பா மொட்டை போட்டாரு. பதினாறு நாள் நம்ம வீட்டுல மீன் வாசம் கெடையாது. அப்ப ஒன் கம்பனி எங்க இருந்துச்சு?"

"அப்ப கல்யாணம்?"

"தையில நாள் பாக்க சொல்லியிருக்கேன். வேற யாரு சொந்தம்னு போட்டிருக்கான்?"

பல் வைத்தியரைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அவருக்கும் ஒரு பத்திரிகை வச்சுரு. பின்னாடி கொறை சொல்லக் கூடாது."

கம்பனியின் வழியாகத்தான் அனுப்ப முடிந்தது. அவர் இன்னும் பதில் போடவில்லை.