இழுக்க முடியாத வில்

எழுபதுகளில் ஸ்டுட்கார்ட்டில் படித்தபோது, வில்வித்தை தெரியும் என்று பொய் சொல்லி ஒரு வில் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆப்பிரிக்காவுக்கு மான் வேட்டைக்குப் புறப்பட்ட ஜெர்மன்காரர் ஒருவரிடம், கடையிலேயே விறைப்பான வில்லை நீட்டினேன்.

"ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ," என்றார்.

முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். நாண் பாதிகூட வரவில்லை. இழுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

"எனக்கு ஏலாது. நான் வில்லே பிடிச்சதில்லை," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் ஏலாது. போன கிழமையே இஞ்ச வந்து இதே வில்லை இழுத்துப் பார்த்தனான். சொல்ல வெட்கமாக் கிடந்தது."

அரைகுறையாக இழுத்து எய்தால் மான் சாகாது, காயத்தோடு ஓடும் என்று சொல்லி, முதலாளி இலகுவான வில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அந்த மானை நான் கண்டதேயில்லை. ஆனால், அன்று வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அதைக் காயப்படுத்தியவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.