தாகமில்லாத ஊர்

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு வலியசாலையிலிருந்து ஆட்டோ பிடிப்போம். ஆறரைக்கு என் மனைவியை டயாலிசிஸ் மெஷினில் இணைப்பார்கள். நான்கு மணி நேரம். பிறகு அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் அலுவலகம் போவேன். மூன்று வருஷமாக இதுதான் எங்கள் வாழ்க்கை.

அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க் கிரகத்தில், மண்ணுக்கு அடியில், மூடிய ஒரு நகரம். மழை கிடையாது. ஒரே தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்து குடிக்க வேண்டும். சுத்தம் செய்வதற்கு ஒரு நீலக்கல்லை உண்டாக்கியிருந்தேன். எந்த அழுக்கையும் அது உறிஞ்சிவிடும்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்த ஒரு அம்மாவுக்குப் பாறசாலைப் பக்கம் ஊர். என் வயதுதான் இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒருநாள் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். டியூபைத் தட்டிப் பார்த்தபடியே கேட்டார்.

“அது சரி சாரே. அந்தக் கல்லு அழுக்கையெல்லாம் குடிச்சிட்டு எங்க கொண்டு போயி களையும்?”

அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். சின்ன அறை முழுக்கக் குழாய்களும் நீண்ட உருளைகளும் இரைந்துகொண்டிருந்தன. ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டுமாம். வடிகட்டியபின் மிஞ்சுகிற உப்புத்தண்ணீர் ஒரு தனிக் குழாய் வழியே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.

“சுத்தம் பண்ணினா மிச்சம் ஒண்ணு உண்டு சாரே. அதை எங்கயாவது கொட்டணும் இல்லே?”

அன்றைக்கே கல்லைத் தூக்கியெறிந்தேன். அதை நம்பி எழுதியிருந்த பாதி நாவலும் அதோடு போயிற்று. திரும்ப எழுதுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போது நகரத்தில் தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வுகள் இருந்தன, அவற்றில் படிவதைச் சுரண்டுகிறவர்கள் இருந்தார்கள், நகருக்கு வெளியே வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போகும் உப்புமேடு இருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்த அம்மாவைக் கேட்டேன். கணக்கு வாத்தியாரைப் போலத் திருத்தினார்.

மனைவியிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஊசி குத்தாத கையால் நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள்.

“என் ரத்தம் ஓடுத குழாயையும் கதையில போட்டாச்சா?”

அவ்வளவுதான் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டோவில், சாலைக் கடைத்தெரு தாண்டும்போது, அவளாகவே ஆரம்பித்தாள்.

“உங்க கதை ஊர்ல மெஷின் எப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியுது. ஒருத்தருக்காவது தாகம் எடுக்குதா?”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“எனக்கு டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளர் தண்ணி. மாத்திரை போடவே ஒரு தம்ளர் போயிரும். மீதியை வாயில வச்சுக்கிட்டே இருப்பேன், முழுங்க மாட்டேன். மழை பேஞ்சா சன்னலைச் சாத்துததுக்குக் காரணம் குளிருன்னா நினைச்சிய? சத்தம் கேக்க முடியாமலாக்கும். நீங்க அடுக்களையில நின்னு மடக்மடக்குன்னு குடிக்கும்போது உங்க தொண்டையைப் பாத்துக்கிட்டே நிப்பேன்.”

இத்தனை காலமும் அவள் முன்னால்தான் தண்ணீர் குடித்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது.

“இதையும் எழுதிக்கிடுங்க,” என்று சொல்லி இறங்கினாள். “எம் பேரு மட்டும் வேண்டாம்.”

எழுதினேன். நகரத்தில் ஒரு பெண், தன் பங்குத் தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க வேலை செய்கிறாள். அந்த அத்தியாயத்தில் வேறெதுவும் நடக்கவில்லை. பதிப்பாளர் படித்துவிட்டுப் போன் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த அத்தியாயம்தான் கொஞ்சம் நகரவில்லை, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பைச் சேர்க்க முடியுமா என்றார். மனைவியிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“நல்லதா ஒரு கிட்னி கண்டுபிடிக்கச் சொல்லுங்க. முதல்ல நான் வாங்கிக்கிடுதேன்.”

பதிப்பாளரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. எடுக்க முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து, எடுக்காமலே புத்தகம் வந்தது. டெக்னீஷியன் அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தவர், சவ்வைச் சுரண்டக் கூடாது, மருந்து விட்டுக் கழுவத்தான் வேண்டும் என்றார். அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன் என்றேன். அப்படி ஒன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

என் மனைவி இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்ததும் அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.