நாலாவது மூலை யாருடையது?

அந்த வீட்டுப் பெண்ணின் அம்மா அக்காள், சித்தி தங்கை. ஆனால் பிள்ளை பெறுவதில் சித்தி நான்கு மாதம் முந்திக்கொண்டாள். அந்த நான்கு மாதம் பதினான்கு வருடங்களாக யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஒன்பதாம் வகுப்பு தொடங்குகிற சமயத்தில் சித்திக்குத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோருடைய வாயிலும் புதுப் பெயர்கள் ஏறிவிட்டன. வந்தவள் பெரியவள். அதுவரை ஒரே பிள்ளையாக இருந்தவள் சின்னவள்.

வீட்டின் முன்பகுதி படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சுவரோரம் சட்டக் கட்டைகள் நெடுக்காகச் சாய்ந்திருக்கும். மேஜைமேல் மரம் அறுக்கும் வாள், பசை டப்பா, கண்ணாடி அறுக்கும் சிறு கருவி. மரத்தூள் எப்போதும் பின்னறை வரை வரும். சோற்றுத் தட்டில்கூட ஒன்றிரண்டு துகள் கிடக்கும். சின்னவள் இந்தத் தூளில் தவழ்ந்து வளர்ந்தவள். அதனாலேயே கடையை அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

பெரியவள் வந்த மூன்றாம் நாள் அப்பாவிடம் போய் நின்றாள்.

"பெரியப்பா, கட்டையை ஏன் சாய்ச்சு அறுக்கிறீங்க?"

அப்பா வாளைக் கீழே வைத்துவிட்டார். வாடிக்கையாளர் வந்தால்கூட வாளை வைக்காத மனிதர். நாற்பத்தைந்து டிகிரி என்றால் என்ன, ஏன் என்று அரை மணி நேரம் பேசினார். பின்னறையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. 'எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறாரா?' என்று வயிறு எரிந்தது. ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்பது அப்போது தோன்றவில்லை.

பள்ளியிலும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கணக்கில் பெரியவள் கரும்பலகைக்குப் போனால் சாக்பீஸ் தேய்வதற்குள் விடை வந்துவிடும். மொழிப்பாடத்தில் வாசித்தால் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உடற்பயிற்சி வகுப்பிலாவது தடுக்கி விழுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அங்கே அவள் கயிறு தாண்டுவதில் முதலாக வந்தாள். சின்னவள் மக்கு இல்லை. அறுபது, எழுபது என்று மதிப்பெண் வாங்குகிறவள்தான். ஆனால் பக்கத்தில் தொண்ணூறு உட்கார்ந்திருந்தால் எழுபதைக் கையில் எடுத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அரையாண்டு முடிந்ததும் வகுப்பாசிரியையான அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். என்ன கற்றுக்கொண்டோம், எங்கே முழித்தோம், எது பிடிபட்டது. மதிப்பெண் கிடையாது. நன்றாக இருப்பதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

சின்னவள் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். 'கணிதம் கடினமான பாடம். முயன்றால் வெல்லலாம்.' கணிதத்தை அடித்து அறிவியல் என்று போட்டால் அடுத்த பக்கம் தயார். வரலாற்றுக்கும் அதே முயற்சி, அதே வெற்றி.

அந்த வாரம் ஒரு நாள் அப்பா வெளியே போயிருந்தார். பெரியவள் கடையில் நான்கு கட்டைகளை வைத்துக்கொண்டு சட்டம் பொருத்திப் பார்த்தாள். மூன்று மூலை கச்சிதமாகச் சேர்ந்தது. நாலாவது வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இது மட்டும் தப்பா அறுத்திருக்கேன் போல."

சின்னவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். "அது மட்டும் இல்ல. எல்லாமே அரை டிகிரி தப்பு. மூணு மூலையும் எப்படியோ சமாளிச்சிடும். நாலாவது மூலைதான் எல்லாத்தையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல தெரிய என்ன இருக்கு? அப்பா திட்டுறதைப் பார்த்திருக்கேன்." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

பெற்றோர் கூட்டத்தன்று டீச்சர் வாசித்தது பெரியவளின் கணக்குப் பக்கம். "ஒரு கணக்கில் முதல் மூன்று வரிகளும் சிறு தவறுகளைச் சமாளித்துவிடும். நாலாவது மூலைதான் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கும். இதை நான் ஒரு சட்டக் கடையில் கற்றேன்."

கைதட்டல் எழுந்தது. சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க கடைதாங்க அது" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னவளும் கைதட்டினாள். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்களே.

வீட்டுக்கு வந்ததும் துணி மடிக்கிற சாக்கில் பெரியவளைப் பின்னறையில் மடக்கினாள்.

"அது நான் சொன்னது."

"ஆமா."

"ஆமான்னா? திருடிட்டு ஆமாங்கிறே?"

பெரியவள் ஒரு துண்டை நான்காக மடித்தாள். "நீ தினமும் பத்து விஷயம் சொல்றே. எது நல்லா இருக்குன்னு உனக்கே தெரியல. உன் நோட்டுல நீ என்ன எழுதினே? முயன்றால் வெல்லலாம். அதைத்தானே?"

பொய்யாக இருந்திருந்தால் சின்னவள் பொறுத்திருப்பாள். மறுநாள் காலை பெரியவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்தக் கணக்குப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துச் சுக்கலாக்கிப் பசை டப்பா பக்கத்துக் குப்பையில் போட்டாள்.

நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்ட டீச்சர் கேட்டபோது பெரியவள் எழுந்து, "பக்கம் நனைஞ்சிடுச்சு டீச்சர், திரும்ப எழுதித் தர்றேன்" என்றாள். சின்னவளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் சண்டையாவது போடலாம். இப்போது நல்ல குணத்திலும் அவளே முதல் மதிப்பெண். இதற்கு மேல் ஒருத்தியை எதில்தான் ஜெயிப்பது?

அந்த எரிச்சலில்தான் சின்னவள் தன் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். கணக்கில், சட்டத்தின் அரை டிகிரிப் பிழை எட்டு வெட்டுகளில் நாலு டிகிரியாகும் கணக்கைப் படம் போட்டு விளக்கினாள். அறிவியலில், கண்ணாடியை நாம் அறுப்பதே இல்லை, கீறல்தான் போடுகிறோம், அந்தக் கோட்டிலேயே அது தானாக உடைகிறது, ஏன் என்று புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதினாள். பெரியவளைவிட ஒரு வரியாவது கூட எழுத வேண்டும் என்ற வெறியில் பேனா ஓடியது.

டீச்சர் அதை வகுப்பிலேயே புரட்டிப் பார்த்தார். கணக்குப் பக்கத்தில் நின்றார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இது உங்க அக்கா எழுதினது ஆச்சே? பார்த்து எழுதினியா?"

வகுப்பு சிரித்தது. சின்னவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பக்கத்தில் பெரியவள் பெஞ்சில் இருந்த மைக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவள் பயந்து சின்னவள் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மாட்டிக்கொள்வாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கடை டீச்சர்" என்று சின்னவள் சொன்னாள்.

பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பெரியவளின் குடுமி தன் கையில் இருக்கட்டும், வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம் என்ற கணக்குத்தான். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிலைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவள் பையைக்கூட இறக்காமல் கடையில் போய் நின்றாள்.

"பெரியப்பா, அன்னிக்கு டீச்சர் வாசிச்சது நான் கண்டுபிடிச்சது இல்ல. அவ சொன்னது."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னவளிடம், "நீயா சொன்னே?" என்றார். "கடைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டியேடி!"

மறுநாள் பெரியவள் டீச்சரிடமும் சொல்லிவிட்டாள். டீச்சர் வகுப்பில் வைத்தே சின்னவளிடம் வருத்தம் தெரிவித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று வகுப்பு நினைத்தது. சின்னவளுக்குத்தான் கையில் இருந்த ஒரே துருப்பையும் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

ஆனால் எழுதுவதை அவள் விடவில்லை. இப்போது கடைக்குப் போவதும் வழக்கமாயிற்று. பழைய படங்களுக்குச் சட்டம் மாற்றும்போது பின்பலகையைக் கழற்றுவது அவள் வேலை. பென்சிலால் யாரோ எழுதி வைத்த பெயர்களும் தேதிகளும் படத்தின் முதுகில் இருக்கும். ஒரு குடும்பப் படத்தில் முன்னால் எட்டுப் பேர், முதுகில் ஒன்பது பெயர். ஓரத்தைக் கத்தரித்திருந்தார்கள். கடைசியில் நின்ற பெண்ணின் தோளில் மட்டும் ஆளில்லாத ஒரு கை மிச்சமிருந்தது. சின்னவள் அதை வரலாற்றுப் பக்கத்தில் எழுதினாள். 'பாடப்புத்தகம் படத்தின் முன்பக்கம். கத்தரித்தது யார் என்று கேட்பதற்கு முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.'

வரலாற்று ஆசிரியர் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்தார். பிறகு மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டினார். முழுப்பரீட்சையில் பெரியவளே முதலாக வந்தாள், சின்னவள் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. அதெல்லாம் மாறவில்லை.

சித்தி வந்து அழைத்துப் போவதற்கு முந்தைய நாள், பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெரியவள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினாள். தரையில் உட்கார்ந்து வரலாற்றுப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள்.

"இதை எப்ப பார்த்தே? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ எழுதிடுவியே."

பெரியவள் சிரிக்கவில்லை. நோட்டைக் கொஞ்சம் அழுத்தியே மூடினாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தத் 'தான்' எந்த வயிற்றிலிருந்து எழும்பி வருகிறது என்று சின்னவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அவள் பெட்டி மூட வசதியாக அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.