மாட்டு டாக்டரைப் பெற்றவள்

கால்நடை டாக்டராக ஐந்தரை வருஷம் படிக்க வேண்டும். அந்த டாக்டருக்கு அம்மாவாக இருக்க எங்கேயும் பாடம் கிடையாது, நேரே பரீட்சைதான். பிள்ளையை ஒரு படிப்புக்கு அனுப்பிவிட்டு ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாக்களே, இது உங்களுக்குத்தான்.

சீட் கிடைத்த அன்று

என் மகள் ஷாலினி அடம்பிடித்து வாங்கிய சீட் இது. செஞ்சியில் ஒருத்தரும் நம்பவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுவது தெருக்கோடி கன்னியம்மா. பாலா, பால் கலந்த தண்ணீரா என்று கேட்காதீர்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பொறுமை முழுவதும் அந்தப் பாலில்தான் கரைந்தது.

அவளிடம் மைசூர்பாகு நீட்டினேன். இரண்டாக எடுத்துக்கொண்டு ஷாலினியை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா, கையி வெண்டக்கா மாரி இருக்குது, இதுவா மாட்டப் புடிக்கும்? ஆறு மாசத்துல பொட்டியோட வந்துடும் பாரு!"

எலும்புப் பை

முதல் லீவுக்கு வரும்போதே எலும்போடு வந்தாள். மாட்டின் கால் எலும்புகள். வீட்டில் வைத்து மனப்பாடம் செய்யவேண்டுமாம். திண்டிவனம் போய் அழைத்து வந்தேன். அன்று அமாவாசை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. மேல்மலையனூர் ஸ்பெஷல், நிற்க இடமில்லை.

ஒரு பிரேக்கில் பை கிழிந்து தொடை எலும்பு உருண்டு வெளியே வந்தது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஷாலினி அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுடுகாட்டு அம்மனான அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். எலும்போடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? முன் சீட் அம்மாள் திரும்பிக் கும்பிட்டார்.

"தாயீ, உனக்குப் புண்ணியமாப் போவும், எம் மருமவ வாயக் கட்டிக் குடு!"

எந்தக் கை?

மூன்றாவது வருஷம் ஒரு நாள் போனில் அழுகை. பசு சினையா என்று கையை உள்ளே விட்டுப் பார்க்கும் பாடம். "எல்லாரும் கன்னுக்குட்டி தெரியுதுங்கறாங்க. எனக்குச் சாணிதாம்மா தெரியுது. நான் வந்துடறேன்." என் வாய் சும்மா இருக்குமா? "வா, தாராளமா வா. வாசல்ல கன்னியம்மா ஆரத்தியோட நிப்பா" என்றேன். போனை வைத்துவிட்டாள். வரவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது பாடம் பிடிபட்டிருந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டே, எதுவரை கை போகும் என்று தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினாள். என் நாத்தனார் இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"எந்தக் கையிடி?"

"இடது கை, அத்தை."

"அப்ப சரி, சோத்தப் போடு."

தலைச்சன் ஈற்று

கடைசி வருஷம் முழுக்கப் பயிற்சி. பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரியிலேயே அவளைப் போட்டிருந்தார்கள். ஒரு காலை, கன்னியம்மாவின் கிடேரி கன்று போட முடியாமல் தவித்தது. தலைச்சன் ஈற்று. பெரிய டாக்டரோடு ஷாலினியும் வந்தாள். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. டாக்டருக்குப் பயில்வான் கை. மணிக்கட்டுக்கு மேல் நுழையவில்லை. "நீ பாரும்மா" என்று நகர்ந்துகொண்டார்.

ஷாலினி தரையில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை விட்டாள். கன்னியம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் நின்றாள். நானும்தான். "கால் கிடைச்சிடுச்சு சார்" என்றாள் ஷாலினி. கொஞ்ச நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து தும்மியது.

கன்னியம்மா மூக்கைச் சிந்தினாள். இப்போது என்ன சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சாணியும் ரத்தமுமாக இருந்த அந்த வெண்டைக்காய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டரம்மா, பொட்டியோட வந்து ஒரு ஆறு மாசம் இங்கியே இருந்துடேன்; பெரிய மாடும் செனையாத்தான் இருக்குது!"

ஐந்தரை வருஷம் படித்து என்ன கண்டாள் என்று இனி யாராவது கேட்டால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், கன்னியம்மா இப்போது ஊற்றுகிற பாலைக் காய்ச்சி ஆடையை எடுத்துக் காட்டுகிறேன்.