பந்தல் டிவியில் என் பேர்

என் கல்யாணப் பத்திரிகையில் என் பேர் கிடையாது. மாப்பிள்ளை பேர், அவர் வாப்பா பேர், என் மாமா கௌஸ் மைதீன் பேர் எல்லாம் தங்க எழுத்தில் இருந்தன. எனக்கு மட்டும் ‘தீன்குலச் செல்வி’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்நிய ஆண்கள் கண்ணில் பெண் பேர் படக்கூடாதாம். அதைப் பார்த்து என்னைவிட அதிகமாகக் கொதித்தவள் மாமா மகள் ஜைனம்பு. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் வாப்பா மவுத்தானபின் நானும் உம்மாவும் பழவேற்காட்டில் மாமா வீட்டோடு இருந்தோம். மாமாவுக்கு இறால் வியாபாரம். ஜைனம்பு பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். நிறுத்தப்பட்டவள் என்றுதான் சொல்வேன், அவளாக நிற்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும் ரேடியோ கரகரத்தாலும் வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும், “பொட்டப் புள்ளைக்கு இன்னா ஸ்க்ரூடிரைவர்?” என்று திட்டுவார்கள்.

எண்பத்தாறில் அபுதாபியிலிருந்து வந்த அவள் அண்ணன் அப்துல் ஷுக்கூர், அவளுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பார்க்க டைப்ரைட்டரின் கீழ்ப்பாதி மாதிரி இருக்கும். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்டவேண்டும். எங்கள் டிவியோ கதவு வைத்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி. பொன்னேரி மெக்கானிக் சம்சுதீன் வந்தான். ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் வயரை உரித்து அதே ஸ்க்ரூக்களில் முறுக்கினான். புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வந்தது.

“அவுட்டு பாய். உப்புக் காத்துல போர்டு செத்துடுச்சு. இவங்க வேற நோண்டியிருக்காங்க,” என்றான்.

கூட வந்த புத்தகத்தை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜைனம்பு அகராதியை வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் படித்திருந்தாள். கம்ப்யூட்டர் படம் அனுப்புவது முப்பத்தாறாம் சேனலில். எங்கள் டிவியின் திருகு பன்னிரண்டோடு நின்றுவிடும்.

“மெஷின் நல்லாதான் இருக்குது வாப்பா. நம்ம டிவிக்குதான் அது எட்டல,” என்று கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? கல்யாணம் முடிந்ததும் பார்ட்ஸுக்கு எடுத்துக்கொள்ளும்படி மாமா சம்சுதீனிடம் சொல்லிவிட்டார். அவளுடைய பொருளை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்தன்று படம் போட வாடகை வீடியோ டெக்கு கொண்டுவந்தவனும் சம்சுதீன்தான். பந்தலில் மணல் பறக்கும் என்று டெக்கைக் காலையிலேயே பெண்கள் அறையில், எங்கள் டிவி பக்கத்தில் வைத்து அதில் மாட்டினான். அங்கிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாகப் போய், பந்தலில் ஆண்கள் பார்க்க வைத்திருந்த கலர் டிவியில் சேர்ந்தது. பெண்கள் கூடியபின் அவன் உள்ளே வரமுடியாது. கேசட் மாற்றும் வேலை ஜைனம்புவுக்கு வந்தது.

டெக்கின் பின்பக்கத்தைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘வீடியோ’ என்று போட்ட ஓட்டை அதிலும் இருந்தது, கம்ப்யூட்டரிலும் இருந்தது. டெக்கு அனுப்பும் படம் எங்கள் டிவிக்கு எட்டுகிறது. அப்படியானால் கம்ப்யூட்டர் படத்தை டெக்குக்குள் விட்டால் போதும். முதல் கேசட் முடிந்ததும் இரண்டு ஓட்டைகளையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டாள்.

“பத்திரிகைல போடாட்டி போவுது, இந்த ரூம்லயாவது வரட்டும்,” என்று சொல்லி என்னவோ தட்டினாள்.

வந்தது. பரீதா, பரீதா, பரீதா என்று இங்கிலீஷ் எழுத்தில் என் பேர், வரிவரியாக, நிற்காமல். பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டோம். பந்தல் டிவியும் அதே டெக்கில்தான் மாட்டியிருந்தது.

“யார் பேருய்யா அது?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டது உள்ளே வரை கேட்டது. மாமா ஓடிவந்து வாசல் திரைச்சீலைக்கு வெளியே நின்று கத்தினார்.

“அழிடி அத! மானத்த வாங்கிட்டியே!”

ஜைனம்பு வயரை உருவினாள். “மெஷின் சாவல வாப்பா, பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். உசுரோட இருக்குது பாரு, அதான் வீட்ல வெக்கக் கூடாது. சம்சுதீன், இன்னிக்கே எடுத்துனு போ.”

செத்தாலும் அவளுக்கு இல்லை, பிழைத்தாலும் அவளுக்கு இல்லை. என்ன நியாயம் இது? செத்துடுச்சு என்று சொன்ன அதே வாய் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, “அந்த வயரையும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க பாய்,” என்றது.

அவள் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிக்காஹ் நேரம் வந்துவிட்டது. அதற்குமுன் பெண்ணிடம் சம்மதம் கேட்க ஒருவர் வக்கீலாக, இரண்டு சாட்சிகளோடு வருவார். என் வக்கீல் மாமாதான். பெண் தலையாட்டினால் போதும். வாயே திறக்காவிட்டாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் நான் வாயைத் திறந்தேன்.

மாப்பிள்ளை பேரையும் அவர் எனக்குத் தரும் மஹர் பணத்தையும் சொல்லி, “சம்மதமாம்மா?” என்று கேட்டார் மாமா.

“ஜைனம்பு மெஷின் இந்த வீட்ட விட்டுப் போவாதுன்னு சொல்லுங்க மாமா. அப்புறம் கேளுங்க.”

“இன்னா பேச்சு இது? மாப்பிள்ளை காத்துனு இருக்காரு.”

“இருக்கட்டும்.”

சாட்சிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். மாமா பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“போவாது,” என்று முணுமுணுத்தார்.

“உரக்கச் சொல்லுங்க. சாட்சிங்க காதுல விழணும்.”

“ஜைனம்பு மெஷின் எங்கயும் போவாது!”

“சம்மதம்,” என்றேன்.